வீட்டு வாசலிலிருந்தே பறவை பார்க்கப் பழகுதல்: கேள்வி பதில்

பறவை பார்க்கப் பழக விரும்பும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நான் விலங்கியல் படித்தவன் அல்லன். நாற்பது வயதுக்கு மேல் மொட்டைமாடியில் நின்று பழகியவன்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை: எந்தப் பறவையிலிருந்து தொடங்குவது, ஐயா?

காகத்திலிருந்து தொடங்குங்கள். கழுத்து சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக்காகம். உடல் முழுவதும் கருத்து, அலகு தடித்திருப்பது அண்டங்காக்கை. இவ்விரண்டையும் ஒரு வாரம் பிரித்துப் பார்த்துப் பழகினாலே அளவு, அலகு, நிறம், குரல் என்று எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பது கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். அடுத்து, தோட்டத்துச் சருகுகளைக் கிளறியபடி கூட்டமாகத் திரியும் தவிட்டுக்குருவிகளைப் பாருங்கள். பெற்றோர் மட்டுமல்லாமல் கூட்டத்தின் பிற குருவிகளும் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்து ஊட்டுவதை, பொறுமை இருந்தால், உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே காணலாம். பெயர் தெரிந்த உடனே பார்வையை எடுத்துவிடுவதுதான் புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் செய்யும் பிழை. உண்மையில் பார்ப்பது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: எங்கள் வேப்பமரத்தில் பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட ஒரு பறவை வருகிறது. கண் சிவப்பு. என்னவாக இருக்கும்?

பெண் குயில். ஆண் குயில்தான் கரிய நிறமுடையது. நெடுங்குரலில் கூவுவதும் அதுவே. பெண்ணின் குரல் 'கிக் கிக் கிக்' என்று விரைந்து ஒலிப்பதால், அதைக் குயிலென்று நம்பப் பலர் மறுக்கிறார்கள். அருகில் காகக்கூடு இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்: ஆண் குயில் காகங்களைச் சீண்டித் தன் பின்னால் துரத்த வைக்கும்; அந்த இடைவெளியில் பெண் காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிடும் என்பது பறவையாளர்கள் பலர் பதிவு செய்திருக்கும் காட்சி. நான் துரத்தலைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முட்டையிட்டதை ஒருமுறையும் பார்த்ததில்லை.

கல்லூரி மாணவர், கோவை: 10x50 இருநோக்கி (பைனாகுலர்) வாங்கலாமா?

8x42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. பத்து மடங்கில் பறவையோடு உங்கள் கைநடுக்கமும் பெரிதாகும்; பார்வைப்பரப்பும் பொதுவாகக் குறுகுவதால், இலைகளுக்குள் தாவும் தையல்சிட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். பறவையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரும் பழக்கத்தை, முதலில் எதிர்வீட்டு ஆன்டெனாவைப் பார்த்துப் பயிலுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவராயின், கண்வைக்கும் பகுதியிலுள்ள வளையத்தை உள்ளே திருகி வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் பணியாளர், சென்னை: மெர்லின் செயலி குரலைக் கேட்டே பெயரைச் சொல்லிவிடுகிறதே, பிறகு கற்க என்ன இருக்கிறது?

நானும் அதைப் பயன்படுத்துகிறேன், ஆனால் என் ஊகத்தை முதலில் தாளில் எழுதிய பிறகே. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்து ஒலிக்கும். அங்கே செயலியும் ஏமாறலாம், நாமும் ஏமாறலாம். பறவையை வரவழைப்பதற்காக அதன் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்வதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி அது இரையையும் கூட்டையும் விட்டு அலையும்.

62 வயது வாசகர், திருச்சி: காது சற்று மந்தம். இது எனக்கு ஏற்றதா?

ஏற்றதே. வயது கூடும்போது முதலில் குறைவது கீச்சென்ற உயர்சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். அதனால் தேன்சிட்டின் குரல் தவறலாம், செண்பகத்தின் ஆழ்ந்த 'கூப் கூப்' தவறாது. அசைவைக் கொண்டு அடையாளம் காணப் பழகுங்கள். வாலை மேலும் கீழும் ஆட்டியபடி தரையில் ஓடுவது வாலாட்டி. கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கம்பிக்குத் திரும்புவது பஞ்சுருட்டான்.

ஆசிரியை, செங்கல்பட்டு: மாணவர்களை வேடந்தாங்கலுக்கு எப்போது அழைத்துச் செல்லலாம்?

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகு, டிசம்பர், ஜனவரி மாதங்களில். அதற்கு முன் பள்ளி மைதானத்தில் பதினைந்து நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் ஒரு பட்டியலுக்குக் குறைந்த அளவாகக் கேட்கப்படுவதும் அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

அதே ஆசிரியை: குறிப்பேடு கட்டாயமா?

கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். இல்லாவிட்டால் இழப்பு உங்களுக்குத்தான். எங்கள் தெருமுனையிலுள்ள கருவேலமரத்துக்கு ஆண்டுதோறும் மழைக்காலத்துக்குச் சற்று முன்பாக ஒரு பழுப்புக் கீச்சான் வருகிறது. ஆசியாவின் வடகிழக்கில் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தை நம்மிடம் கழிக்கும் பறவை அது. முதல் நாள் அதன் கரகரத்த குரல் கேட்டதும் தேதியைக் குறித்துவிட்டு, முந்தைய ஆண்டுகளின் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பேன். ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டும் கால்வளையம் இல்லாததால் அதே பறவைதானா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் அது வந்த அன்று, காப்பி ஆறிப்போனதையும் பொருட்படுத்தாமல் வாசலிலேயே நின்றுவிடுவேன் என்பதற்கு வீட்டில் சாட்சி உண்டு.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: குருவிகளுக்குத் தண்ணீர் வைக்கலாமா?

வைக்கலாம். இரண்டு அங்குலத்துக்கு மிகாத ஆழமுள்ள மண்தட்டில், பூனை பதுங்க இடமில்லாத திறந்த வெளியில் வையுங்கள். கொசு முட்டையிடாதிருக்கத் தண்ணீரை நாள்தோறும் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.