அந்தப் பெட்டிக்குள்ள ஏன் சைபர் போட்டனீ?

கேள்வி:

அக்கா, நான் கிளிநொச்சியில ஒரு லீசிங் கொம்பனியில சேந்து 3 மாசம், இன்னும் ப்ரொபேசன்ல தான் இருக்கிறன். வாற ஓகஸ்ட்ல எங்கட ரீஜனுக்கு ஸ்போர்ட்ஸ் டேயும் ரீம் பில்டிங்கும். வவுனியா, மன்னார், யாழ்ப்பாணம் பிராஞ்ச் ஆக்களும் கொழும்பு ஹெட் ஒஃபிஸ் ஆக்களும் வருவினம். நினைச்சாலே வயித்தைக் கலக்குது. பள்ளிக்கூடத்திலயே நான் ஓடினதில்லை, இல்லம் சோடிக்கிற வேலையில தான் நிப்பன். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. ரீசேட்டும் ட்ராக் பொட்டமும் போடோணுமாம், அப்பிடி உடுத்து நான் றோட்டுக்கு வந்ததே இல்லை. கயிறிழுக்கிறதுக்கு என்னைக் கேக்காமலே பேரைப் போட்டிட்டினம். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வரலாமாம், எத்தினை பேர் எண்டு போம்ல ஒரு பெட்டி இருந்தது, சைபர் போட்டுக் குடுத்திட்டன், அப்பாக்கு 2009ல ஒரு கால் போனது, சொன்னா அவர் வெளிக்கிட்டிடுவார், அதால வீட்டில சொல்லேல்லை. அண்டைக்கு ஒரு மெடிக்கல் எடுத்துக் குடுத்திட்டு நிக்கலாமோ? வேலை நிரந்தரமாக்கேக்க பிரச்சினை வருமோ? அப்பா சைக்கிள் திருத்திற கடை வைச்சிருக்கிறார், அம்மா கச்சான் வறுத்துக் கடையளுக்குக் குடுக்கிறவ. எங்கட வீட்டில ஒஃபிஸ் வேலைக்குப் போன முதல் ஆள் நான் தான்.

விசுவமடுவில இருந்து ஒரு வாசகி, 23 வயசு

பதில்:

பிள்ளை, ஸ்போர்ட்ஸ் டேக்குப் பயம் எண்டு எனக்கு வந்த கடிதங்களில உது எத்தினையாவதெண்டு நான் எண்ணுறேல்லை. கொம்பனியள் ரீசேட் அடிக்கத் தொடங்க எனக்குக் கடிதம் வரத் தொடங்கும், பாங்கில இருந்து, காமென்ற்ஸ்ல இருந்து, என்.ஜி.ஓ.வில இருந்து, எல்லாத்திலயும் ஒரே பாட்டுத்தான், ஓடத் தெரியாது, உடுப்புச் சரியில்லை, சிரிப்பினம். அதால பயப்பிடாத மோனை எல்லாம் வடிவா நடக்கும் எண்டு நான் எழுதப்போறேல்லை. சிரிக்கிறவை சிரிப்பினம். நீ விழுந்தா ஆராவது ஃபோன்ல எடுத்து குரூப்பில போடுவினம், அடுத்த கிழமை அவைக்கு வேற ஆள் கிடைக்கும். அதோட அந்தக் கதை முடிஞ்சுது.

எனக்கு நித்திரை வராமப் பண்ணினது உன்ர ஓட்டமும் இல்லை ட்ராக் பொட்டமும் இல்லை. "சொன்னா அவர் வெளிக்கிட்டிடுவார்." இந்த வசனத்தை நீ கயிறிழுப்புக்கும் மெடிக்கலுக்கும் நடுவில, ஆரும் கவனிக்காத மாதிரிச் செருகி வைச்சிருக்கிறாய். நான் கவனிச்சனான். அப்பாக்கு வரக் கஷ்டம், வெயில் தாங்கமாட்டார், பஸ் ஏறி இறங்க ஏலாது எண்டு நீ ஒரு சொல் எழுதேல்லை. வருவார் எண்டுதான் எழுதியிருக்கிறாய். சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, விடியக் காலமையே கடையைப் பூட்டிப்போட்டு, மகளின்ர கொம்பனி எண்டு சொல்லிக்கொண்டு வந்து நிப்பார். அது நடந்திடுமோ எண்டுதான் உனக்கு வயித்தைக் கலக்குது. அப்பாக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு நினைச்சன் அக்கா எண்டு அடுத்த கடிதத்தில எழுதாத, கரைச்சல் எண்டு நினைச்சிருந்தா அவரிட்டயே கேட்டிருப்பாய், நீ கேக்கேல்லை, நீயே சைபர் போட்டிட்டாய்.

உன்ர அப்பா என்ன கால் போடுறவர் எண்டு நீ எழுதேல்லை. எங்கட வீட்டில என்ர மச்சான் ஒராள் ஜெய்ப்பூர்க் கால் போடுறவர். 1960களின்ர கடைசியில இந்தியாவில, ஜெய்ப்பூரில, ஒரு கைவினைக்காரரும் டொக்டர்மாரும் சேந்து இறப்பரில செய்த பாதம் அது, செருப்பில்லாம நடக்கலாம், குந்தலாம், வரம்பில இறங்கலாம், அதாலதான் எங்கட சனத்துக்கு அது சரிவந்தது. ஆனா பின்னேரம் வந்து அதைக் கழட்டேக்க பக்கத்தில நிண்டு பாத்திருக்கிறியோ? உள்ளுக்குப் போடுற துணி உறையைப் பிழிஞ்சா வேர்வை ஓடும். முழங்காலுக்குக் கீழ தோல் சிவந்து, சில நாள் கொப்பளிச்சு, அதுக்குப் பவுடர் போட்டுக்கொண்டு மனிசன் ஒண்டும் கதைக்காம இருப்பார். அடுத்த நாள் காலமை திரும்பவும் அதே காலை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். உன்ர அப்பாவும் ஏதோ ஒரு காலோ கோலோ வைச்சுக்கொண்டு நாள் முழுக்கச் சைக்கிள் சில்லுக்குப் பக்கத்தில கிடந்துதான் உனக்கு ஏ.எல். ரியூசன் காசு கட்டியிருப்பார். இன்ரவியூக்கு நீ போட்டுக்கொண்டு போன சப்பாத்தும் அந்தக் கடையிலயும் அம்மான்ர கச்சான் சட்டியிலயும் இருந்துதான் வந்திருக்கும்.

ரியூப்பை பேசினுக்குள்ள அமத்திப் பிடிச்சு எங்கால குமிழி வருது எண்டு பாக்கிற மனிசனுக்கு, தன்ர பிள்ளை எதை மறைக்குது எண்டு கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் செல்லும்? அண்டைக்கு எடுக்கிற ஃபோட்டோ எல்லாம் பின்னேரமே ஃபேஸ்புக்கில வரும். விசுவமடு என்ன கொழும்போ? காத்தடிக்க வாற ஆரோ ஒராள் கேக்கும், என்னண்ணை, உங்கட மகள்ட ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு மற்றப் பிள்ளையளின்ர தாய் தேப்பன் எல்லாம் வந்து நிண்டினம், உங்களைக் காணேல்லையே எண்டு. அப்ப உன்ர அப்பா என்ன சொல்லுவார் தெரியுமோ? "எனக்குத்தான் கடையில வேலை, போகேலாமப் போச்சு" எண்டு உன்னைக் காப்பாத்திறதுக்குப் பொய் சொல்லுவார். வீட்ட வந்து உன்னட்ட ஒண்டும் கேக்கவும் மாட்டார். அந்தக் கேக்காம விடுறதை நீ காலம் முழுக்கக் காவ வேண்டி வரும்.

கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில 2017 பெப்ரவரி 20இல தொடங்கி, காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மார் வருசக்கணக்காப் போராட்டம் இருந்ததை ஏ9 றோட்டால போய் வாற நீ பாக்காம விட்டிருக்கமாட்டாய். பிள்ளை எங்க எண்டு தெரியாமலே கண்ணை மூடின தாய்மாரும் அதில இருக்கினம். உன்ர போமை அவையின்ர கையில குடுத்தா, குடும்பத்தில எத்தினை பேர் எண்ட அந்தப் பெட்டிக்குள்ள என்னத்தை எழுதுவினம்? சைபர் எண்டு எழுத அவைக்குக் கை வராது மோனை. உனக்கு வந்திருக்கு. எனக்குக் கோவம் வாறது அதிலதான்.

பாவம் எண்டு ஆக்கள் பாக்கிறதைத் தாங்கேலாமத்தான் இப்பிடிச் செய்தனீ எண்டும் எனக்கு விளங்குது. பாப்பினம். கொழும்பில இருந்து வாறவை திரும்பித் திரும்பியும் பாப்பினம், ஒராள் வாய்விட்டு எப்பிடிக் கால் போனதெண்டும் கேக்கும். 2009ல சண்டையில போனது எண்டு சொல்லு, அதுக்கு மேல சொல்லுறதும் விடுறதும் உன்ர அப்பான்ர விருப்பம், ஒஃபிஸ்க்காரருக்கு எல்லாத்தையும் விளங்கப்படுத்திற வேலை உன்ர சம்பளத்தில இல்லை. மாசாமாசம் வீட்டுக்குக் காசு குடுக்கிறன் தானே எண்டு உனக்கு நினைப்பு வரும், குடு, குடுக்கத்தான் வேணும், ஆனா காசை ஆரும் குடுக்கலாம், நாலு பேருக்கு முன்னால இவர் என்ர அப்பா எண்டு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக உன்னைத் தவிர வேற ஆள் இல்லை.

மெடிக்கல் எடுக்காத. வருத்தமில்லாத ஆளுக்கு வருத்தம் எண்டு எழுதிறது பொய், ப்ரொபேசன்ல இருக்கிற பிள்ளை சரியா ஸ்போர்ட்ஸ் டே அண்டு மட்டும் வருத்தக்காரி ஆனா எச்.ஆர்.ல இருக்கிறவைக்கு அது விளங்காமப் போகாது.

உடுப்புக்குப் பெரிசா யோசிக்காத, ஒரு சைஸ் கூடக் கேட்டு வாங்கு, இடுப்புக்குக் கீழ வடிவா இறங்கட்டும், முதல் ரெண்டு மூண்டு பின்னேரம் வீட்டில போட்டுக்கொண்டு கோழிக்குச் சாப்பாடு வை, பழகியிடும். சோளகக் காத்தில மண் பறக்கும், தண்ணிப் போத்தலுக்குள்ள, வேர்வையில போற உப்பை ஈடுகட்டிற ஜீவனி பக்கட் ஒண்டு கரைச்சுக் கொண்டு போ.

கயிறிழுக்கிறதில நீ ஒல்லியோ குண்டோ எண்டது பெரிய விசயமில்லை, ஒரு பக்கம் எட்டுப் பேர், எட்டுப் பேரும் ஒரே மூச்சில இழுத்தாத்தான் கயிறு அசையும், தனிய வீரம் காட்டினா உன்ர கைதான் உரியும். குதியை மண்ணில ஊண்டி, இடுப்பைப் பதிச்சு, பின்னால சரிஞ்சு நில், கையால இழுக்காம காலால தள்ளு. ஒண்டை மட்டும் மறக்காத, கயிறைக் கையில சுத்தாத. 1997ல தாய்வானில கனபேர் சேந்து இழுக்கேக்க கயிறு அறுந்து ரெண்டு பேரின்ர கை துண்டாப் போனது. கை வழுக்கினா விட்டிடு, தோத்தாப் பரவாயில்லை.

சிங்களம் தெரியாதெண்டாய். அண்டைக்கு உனக்கு நாலு சொல் போதும். "அதின்ன" எண்டு கத்தினா இழு எண்டு அர்த்தம். மற்ற மூண்டும் "மே மகே தாத்தா". அவையின்ர பாசையில தாத்தா எண்டா அப்பா. இவர் என்ர அப்பா. இதைப் பஸ்ஸில போகேக்க சொல்லிப் பழகு, கொழும்பு ஆக்கள் வந்து கதைக்கேக்க நாக்குத் தடக்காம முதல் வாற வசனம் இதுவா இருக்கட்டும்.

திங்கட்கிழமை காலமை வேலை தொடங்க முதல் எச்.ஆர்.ட்டப் போ. போமைத் திருப்பித் தாங்கோ, பிழையா எழுதிப்போட்டன் எண்டு கேள். சைபரை வெட்டி 2 எண்டு போடு, அம்மாவும் வரோணும், ஒரு பை கச்சான் வறுத்துக்கொண்டு வரட்டும், உன்ர ரீமில எல்லாருக்கும் குடு. பந்தல் நிழலில, மண் புதையாத பக்கமா ஒரு கதிரை போடச் சொல்லிக் கேள், அது பிச்சை இல்லை, கூச்சப்படாமக் கேக்கலாம். குடும்பத்து ஆக்களுக்கும் ரீசேட் அடிக்கினமோ எண்டும் கேட்டுப் பார், அடிச்சா அப்பான்ர சைஸ் கேப்பினம். உனக்குத் தெரியுமோ? தெரியாட்டி இண்டைக்கு இரவு சாப்பிட்டிட்டு இருக்கேக்க அவரிட்டயே கேள். ஏன் பிள்ளை கேக்கிறாய் எண்டு கேப்பார். அப்ப சொல்லு.