பத்து நாள் நடந்தும் மனம் தெளியவில்லை என்ற கேள்விக்கு

நடையை நிறுத்த வேண்டாம். அன்றாடத் தூரத்தைக் குறையுங்கள். ஸ்பெயினின் சாந்தியாகோ நகருக்கு நடந்தே செல்லும் யாத்திரையில், பிரெஞ்சுப் பாதை எனப்படும் வழியில் பத்து நாள் நடந்தும் கால்வலியைத் தவிர எதுவும் கிட்டவில்லை என்கிறீர்கள். தினமும் 30 கிலோமீட்டர் என்று எழுதியிருப்பதே காரணமாக இருக்கக்கூடும்: அடுத்த விடுதியில் படுக்கை கிடைக்குமா என்ற கணக்கிலேயே ஓடும் மனத்துக்குத் தன்னைத் திரும்பிப் பார்க்க நேரமேது?

நாளை 15 கிலோமீட்டரோடு நின்று, நண்பகல் வரை கைப்பேசியை அணைத்து வைத்து, அன்று திரும்பத் திரும்ப வந்த ஓர் எண்ணத்தை மட்டும் மாலையில் எழுதிப் பாருங்கள். (பெரும்பாலும் அது ஏதோ பழைய சண்டையாகத்தான் இருக்கும், அதையும் எழுதுங்கள்.) யாத்திரையை முடித்தவர்களுக்குத் தரும் சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டரை நடந்தாலே போதும் என்பதால், அதற்கு முன் இடையில் பேருந்து ஏறுவதில் தவறில்லை.

ஆனால் பாதத்தில் ஒரே புள்ளியில், ஓய்விலும் வலி தொடர்ந்தால் அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்கும்வரை நடக்காதீர்கள்.