அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் 17 வருடமாக வேலை செய்கிறேன். சர்க்கரை நோயால் போன வருடம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்தி, ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டையும் எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். முன்பு உட்கார்ந்து செய்த தரப் பரிசோதனை வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, 12 மணி நேரம் நிற்க வேண்டிய லைனில் என்னைப் போட்டார்கள். முடியவில்லை என்றேன். ராஜினாமா கடிதத்தை அவர்களே அடித்து நீட்டுகிறார்கள். ஓ.கே.யு. சட்டம் என்னைக் காப்பாற்றாதா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். போட்டுவிட்டால் நீங்களாக விலகியதாகக் கணக்கு. மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

நீங்கள் சொல்லும் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அதன் 29ஆவது பிரிவு சம வேலை வாய்ப்பு, சம ஊதியம், பாதுகாப்பான வேலைச் சூழல் எல்லாவற்றையும் முதலாளியின் கடமையாக்குகிறது. கடமை தவறினால்? அபராதமும் இல்லை, சிறையும் இல்லை. பல் இல்லாத சட்டம் என்று நாங்கள் சும்மா சொல்வதில்லை. அரசியலமைப்பின் 8ஆவது விதியிலும் பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களாகச் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், 2001இல் சேர்த்த பாலினம் இவைதான் உண்டு; உடற்குறை அந்தப் பட்டியலில் இல்லை.

உங்களுக்கு உதவப் போவது பெயரில் ஓ.கே.யு. இல்லாத இரண்டு சட்டங்கள்.

ஒன்று, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். 2023 ஜனவரி 1 முதல் அதில் 69எஃப் பிரிவு அமலில் இருக்கிறது. வேலையிடத்தில் பாகுபாடு என்று புகார் செய்தால் தொழிலாளர் இலாகா விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. அதனால் உங்கள் தாள்கள்தான் பேச வேண்டும். 'உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தகுதி, நீண்ட நேரம் நிற்கக் கூடாது' என்று டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். பழைய இடத்தைக் கேட்டு எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாயால் கேட்டது கணக்கில் வராது.

இரண்டாவது, அவர்களே நிறுத்திவிட்டால், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு. நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். 'பேசிப் பார்க்கலாம்' என்று கம்பெனி இழுத்தடிக்க, 61ஆவது நாள் என் மேசைக்கு வந்தவர்கள் உண்டு. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அதற்கு வக்கீலை அழைத்துப் போக முடியாது, தொழிற்சங்கத்துக்காரர் வரலாம். ஒத்துவராவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எந்த வேலையையும் செய்ய இயலாது என்று மருத்துவர் சொல்லி, மாற்று வேலையும் இல்லையென்றால், முறையாக விசாரித்து நிறுத்த கம்பெனிக்கு வழி உண்டு. ஆனால் உங்கள் பழைய நாற்காலி அங்கேதான் இருக்கிறது, அதில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் வழக்கின் ஓட்டை அதுதான்.

அப்படியே சொக்சோவுக்கும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) ஒரு நடை போய், வேலைக்குத் திரும்பும் திட்டம் பற்றிக் கேளுங்கள். உங்களைச் சேர்த்துக்கொண்டால், முதலாளியிடம் பேச அவர்களே ஓர் அதிகாரியைப் போடுவார்கள். வக்கீல் நோட்டீசுக்கு இறங்காத எச்.ஆர். சில சமயம் அதற்கு இறங்கிவரும்.