பிரதிப் படிவத்தில் எத்தனை கட்டங்கள் வேண்டும்?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் புத்தகத்தின் ஒவ்வொரு பிரதியைச் சேர்க்கும்போதும் இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள் விரிகின்றன. நாங்கள் நிரப்புவது எட்டைத் தாண்டாது. உதவிக்கு வரும் பிள்ளைகள் கட்டம் மாற்றி நிரப்பிவிடுகிறார்கள். இதைச் சுருக்க வழி உண்டா?

பதில்: உண்டு. அதற்காகச் சேலத்திலிருந்து யாரும் மலையேறி வர வேண்டியதில்லை. நிர்வாகி உரிமை உள்ள கணக்கு போதும்.

முதலில் உங்கள் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். தேதி, சேர்க்கை எண், எங்கிருந்து வந்தது, விலை. இவற்றோடு அழைப்பு எண் (புத்தகம் அலமாரியில் எங்கே இருக்கும் என்று காட்டும் எண்), அலமாரி, பிரதியின் வகை ஆகியவை சேர்ந்தால் ஒரு பள்ளிக்கு ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும்.

பிரதி விவரங்கள் 952 என்ற டேக்கில், அதாவது அந்த எண் கொண்ட பகுதியில், இருக்கின்றன. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு கட்டமும் அதற்குள் ஒரு சப்ஃபீல்டு. அட்மினிஸ்ட்ரேஷனில் மார்க் ஃபிரேம்வொர்க்குக்குள் (படிவத்தில் எந்தக் கட்டங்கள் வர வேண்டும் என்று சொல்லும் வார்ப்பு) போய், 952-இன் சப்ஃபீல்டுகளைத் திறங்கள். வேண்டாத ஒவ்வொன்றுக்கும் விசிபிலிட்டி பகுதியில் 'எடிட்டர்' என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். சப்ஃபீல்டையே அழிக்காதீர்கள், அது இருக்கும் ஐட்டம்ஸ் டேபையும் மாற்றாதீர்கள். மறைத்ததை நாளைக்கே திரும்பக் கொண்டுவரலாம், அழித்ததை அப்படி முடியாது. தொடங்கும் முன் ஃபிரேம்வொர்க்கை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இணைய முகவரி, அலமாரிக் கட்டுப்பாட்டு எண் போன்றவற்றைத் தயங்காமல் மறைக்கலாம். தொலைந்தது, சேதமடைந்தது, விலக்கப்பட்டது என்ற கட்டங்கள் புதுப் புத்தகத்துக்கு எதற்கு? பின்னால் தேவைப்பட்டால் அந்தப் பிரதியின் விவரப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளலாம்.

விலையில் மட்டும் கை வைக்கும் முன் யோசியுங்கள். 'ஜி' என்ற சப்ஃபீல்டு வாங்கிய விலை, 'வி' என்பது மாற்று விலை, அதாவது அதே புத்தகத்தைத் திரும்ப வாங்க ஆகும் விலை. நான் உதவிய ஒரு நூலகத்தில் இரண்டும் ஒன்றுதானே என்று 'வி'யை மறைத்துவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து ஒரு மாணவர் புத்தகத்தைத் தொலைத்தபோது, அவர் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. தொலைந்த புத்தகத்துக்கு கோஹா எடுத்துக்கொள்வது மாற்று விலையைத்தான். பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி விலைகளைத் திரும்ப ஏற்றினோம். ஒன்றைத்தான் வைப்பீர்கள் என்றால் 'வி'யை வையுங்கள்.

கட்டாயம் என்று குறித்த சப்ஃபீல்டை மறைக்க வேண்டுமானால், கட்டாயத்தை எடுத்துவிடுங்கள் அல்லது தானாக நிரம்பும் இயல்பு மதிப்பு கொடுங்கள். இல்லையென்றால் சேமிக்கும் நேரத்தில் வம்பு. இன்னொன்று: இந்த மாற்றம் அந்த ஒரு ஃபிரேம்வொர்க்குக்கு மட்டுமே. புத்தகங்களுக்கு வேறொன்றைப் பயன்படுத்தினால் அதிலும் செய்ய வேண்டும். "மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பிள்ளைகள் கட்டம் மாற்றுவதைக் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். 'கோடட் லொகேஷன் குவாலிஃபயர்' என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன புரியும்? சப்ஃபீல்டின் பெயரையும் அதே பக்கத்தில் மாற்றலாம். பார்கோடு என்ற இடத்தில் 'சேர்க்கை எண், பின்னட்டை ஒட்டில் உள்ளது' என்று தமிழிலேயே எழுதிவையுங்கள்.

நன்கொடையாக ஒரே பெட்டியில் நாற்பது புத்தகங்கள் வந்தால், சிஸ்டம் பிரிஃபரன்ஸில் 'ப்ரீஃபில் ஐட்டம்' வசதியை இயக்குங்கள். கடைசியாகச் சேர்த்த பிரதியின் தேதியும் கொடுத்தவர் பெயரும் தாமாகவே வந்து நிற்கும். எந்தெந்த சப்ஃபீல்டுகள் வர வேண்டும் என்ற பட்டியலில் பார்கோடை மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

இவ்வளவும் முடிந்ததும் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, எதுவும் சொல்லித்தராமல் பத்துப் புத்தகங்களை ஏற்றச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் கை தயங்கி நிற்கிறதோ, அதன் பெயரை இன்னொரு முறை மாற்றுங்கள்.