ஜல்லித் தூசியும் ‘தொழில்: கூலி’யும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிரஷர், அதாவது பாறையை உடைத்து ஜல்லியாக்கும் ஆலை, பற்றியவை. எத்தனை ஆண்டு வேலை, எங்கே நின்று வேலை என்பதை வழக்கம்போல் ஒருவரைத் தவிர யாரும் எழுதவில்லை.

தேவனஹள்ளிக்கு அப்பால் வீடு கட்டிக் குடிவந்தோம். அருகில் கிரஷர். விடிந்தால் மாடிப்படியெல்லாம் வெள்ளைப் பொடி. குழந்தைகளுக்கு சிலிக்கோசிஸ் வருமா?

‘அருகில்’ என்றால் நூறு மீட்டரா, இரண்டு கிலோமீட்டரா அம்மா? சிலிக்கோசிஸ் என்பது கல்தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து தழும்பாக்கும் நோய். அது பெரும்பாலும் தூசிக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் நின்று உழைப்பவர்களுக்கு வருவது. உங்கள் பிள்ளைகளுக்கு இருமலும் இழுப்பும்தான் முதல் கவலை. படியில் தெரியும் பொடி பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். நுரையீரலின் அடிவரை இறங்குவது கண்ணுக்கே தெரியாத, ஐந்து மைக்ரானுக்கும் குறைந்த துகள். ஆகவே துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ‘தூசி தாங்கவில்லை’ என்று ஒற்றை வரியில் எழுதினால் கோப்பில் தூங்கும். தேதி, நேரம், காற்றின் திசை, தண்ணீர்த் தெளிப்பான் ஓடியதா, காற்றுத் தடுப்புச் சுவர் உண்டா, லாரிப் பாதை தார் போட்டதா என்று எழுதுங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் கேட்பவை இவைதாம். இரவில் தெளிப்பானை நிறுத்திவிட்டு இயந்திரத்தை ஓட்டுகிறார்களா என்றும் பாருங்கள்.

வேலை முடிந்ததும் வெல்லம் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்கிறார்களே?

வெல்லம் போவது இரைப்பைக்கு. தூசி போனது நுரையீரலுக்கு.

தர்மபுரியிலிருந்து வந்து, பெங்களூரைச் சுற்றியுள்ள கிரஷர்களில் அப்பா 18 ஆண்டு வேலை பார்த்தார். காசநோய் என்று இரண்டு முறை ஆறு மாத மாத்திரை முடித்தும் மூச்சிரைப்பு குறையவில்லை. மூன்றாம் முறை தொடங்கச் சொல்கிறார்கள். – அல்சூர் வாசகர்

ஆண்டுக் கணக்கை எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான், நன்றி. இதைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் ஆத்திரம் தீராது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் இதேபோன்ற ஒருவரின் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று இருந்தது. என்ன கூலி, எந்தக் கல், எத்தனை ஆண்டு என்று யாருமே கேட்கவில்லை. எக்ஸ்ரேயிலோ நுரையீரலின் மேல்பகுதி முழுக்க ரவை தூவினாற்போல் புள்ளிகள். நிணநீர்க் கணுக்களைச் சுற்றி முட்டை ஓடு போல் சுண்ணாம்பு வளையம். இரண்டும் சிலிக்கோசிஸின் அடையாளம். சளியில் கிருமி இல்லை. ஆனாலும் காசநோய் மாத்திரை!

இத்தனைக்கும் கோலார் தங்கவயல் நமக்கு அடுத்த ஊர். அங்கே சுரங்கத்தில் இறங்கிய நம் தாத்தாக்களின் நெஞ்சைப் பார்த்துத்தான் மைசூர் சமஸ்தானம் 1940-லேயே சிலிக்கோசிஸ் விதிகளைக் கொண்டுவந்தது. இன்றும் சட்டப்படி இது மருத்துவர் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். கேட்டால்தானே தெரியும், தெரிந்தால்தானே அறிவிப்பார்!

ஆனால் ஒன்று: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட மூன்று மடங்கு போல அதிகம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். சளியை மூலக்கூறுப் பரிசோதனைக்கு (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கொடுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களை எல்லாம் தேதி வரிசையில் எடுத்துக்கொண்டு நெஞ்சக மருத்துவரைப் பாருங்கள். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக ‘18 ஆண்டு கிரஷர் வேலை’ என்று சொல்லுங்கள். விழுந்த தழும்பு மறையாது. அப்பா மறுபடி தூசிக்குப் போகாமல் இருப்பதுதான் மருந்து. சட்டப்படி இழப்பீடு கேட்கக்கூடிய தொழில்நோய்களில் சிலிக்கோசிஸ் உண்டு. சம்பளச் சீட்டு இருக்காது, தெரியும். முன்பணக் கணக்கு நோட்டு, கேட் பாஸ், உடன் வேலை பார்த்தவர்களின் சாட்சி, எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

சிட்லகட்டாவில் மல்லாரி இலையெல்லாம் தூசி படிகிறது. பட்டுப்புழு சரியாகத் தின்பதில்லை.

‘மல்லாரி’ இல்லை, மல்பெரி. தூசி படிந்த இலையைப் புழு ஒதுக்கும். இலைத்துளைகள் அடைபட்டால் செடியும் சோரும். ஓரத்தில் உயரமாக வளரும் மரங்களை வேலியாக வையுங்கள். நஷ்டம் கேட்பதானால் பட்டுக்கூடு விற்ற ரசீதுகளை, தூசிக்கு முன் பின் என்று பிரித்து வையுங்கள்.

அடுப்பங்கரை மேடைக்கு கிரானைட்டா, குவார்ட்ஸ் பலகையா? எது ஆரோக்கியம்?

உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அறுப்பவருக்கு அல்ல. கிரானைட்டில் சிலிக்கா முப்பது சதவீதம் போல. செயற்கை குவார்ட்ஸில் தொண்ணூறைத் தாண்டும். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அதைத் தடையே செய்துவிட்டது. எதுவானாலும் வீட்டுக்குள் வைத்து உலர்வாக அறுக்கவிடாதீர்கள். பட்டறையிலேயே தண்ணீர் விட்டு அறுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். முகத்தில் துண்டு கட்டியிருக்கிறாரே என்று சமாதானம் சொல்லாதீர்கள். துண்டு முகமூடி ஆகாது.

எக்ஸ்ரேயைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லவும்.

உங்கள் வீட்டு ட்யூப்லைட் நன்றாக எரிகிறது. வேறெதுவும் தெரியவில்லை. ஃபிலிமையே அனுப்புங்கள், கூடவே எத்தனை ஆண்டு, எந்த வேலை என்றும் எழுதுங்கள்.