ஸ்கேனில் ஜவ்வு விலகல்: முதுகில் ஸ்குரூ போட்டே ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 46. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. இரண்டு வருடமாக இடுப்பு வலி. நின்றாலும் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. எப்போதாவது வலது பிட்டம் வரை இறங்கும். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற இரண்டு இடத்திலும் தேய்மானம், ஜவ்வு விலகல், நரம்பைத் தொடுகிறது என்று போட்டிருக்கிறார்கள். ஒரு டாக்டர் ஸ்குரூ, ராடு வைத்து எலும்புகளை இணைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கால் செயலிழந்துவிடும் என்கிறார். இன்னொருவர் ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். இதற்கிடையில் அறிமுகமான ஒருவர், லேசரில் ஒரே நாளில் முடித்து அனுப்பும் மருத்துவமனையில் தானே எல்லா ஏற்பாடும் செய்து தருவதாகச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் தேவைப்பட்டது, 'எப்போதாவது வலது பிட்டம் வரை இறங்கும்' என்ற ஒரே வரி. ரிப்போர்ட்டைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். ஆபரேஷன் வேண்டுமா என்பதை முடிவு செய்வதில் முதல் கேள்வி, வலி எங்கே இருக்கிறது என்பதுதான்.

நரம்பு நசுங்குவதால் வரும் வலிக்கு ஒரு தடம் உண்டு. பிட்டத்தில் கிளம்பித் தொடை வழியாக முழங்காலைத் தாண்டிக் கீழே போகும். எல்5 நரம்பு என்றால் பாதத்தின் மேல்பக்கம், கட்டைவிரல் வரை. எஸ்1 என்றால் கெண்டைக்கால், குதிகால், சுண்டுவிரல் பக்கம். தும்மினால் சுரீரென்று இழுக்கும். கூடவே மரத்துப்போவதும் உண்டு. இப்படிப்பட்டவர்கள் "இடுப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் டாக்டர், இந்தக் காலைத்தான் தாங்க முடியவில்லை" என்பார்கள். அதே பக்கத்தில் அதே நரம்பை ஒரு ஜவ்வுத் துண்டு அழுத்துவது ஸ்கேனிலும் தெரிந்தால், அந்தத் துண்டை எடுத்துவிடுவது நல்ல ஆபரேஷன். நானே செய்கிறேன், தயக்கமில்லாமல் செய்கிறேன்.

அதிலும் அவசரம் தேவையில்லை. கால் வலியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் தானாகவே நன்றாகக் குறைந்துவிடும். நெதர்லாந்தில் கடுமையான கால் வலியோடு இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்தார்கள். மறு பாதியினரைக் காத்திருக்க வைத்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் நடுவில் தாங்க முடியாமல் ஆபரேஷனுக்கு வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீதிப் பேருக்குக் கத்தியே படவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்களுடையது இடுப்பு வலி. பிட்டத்தோடு நின்றுவிடுகிறது, அதுவும் எப்போதாவதுதான். இதை நரம்பு வலி என்று நான் சொல்ல மாட்டேன். வெறும் இடுப்பு வலிக்காக ஸ்குரூ போட்டு எலும்புகளை இணைப்பதுதான் என் துறையில் மிக அதிகமாக விற்கப்படும், மிகக் குறைவாகப் பலன் தரும் வேலை. பிரிட்டனில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 349 பேரில் ஒரு பாதியினருக்கு எலும்பு இணைப்பும், மறு பாதியினருக்குத் தீவிரமான உடற்பயிற்சிப் பயிற்றுவிப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் வந்த முடிவுப்படி இரண்டு வருடம் கழித்து இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்தச் சிகிச்சை செய்யலாம், எது கூடாது என்று சொல்லும் அந்த நாட்டின் நைஸ் அமைப்பு 2016-இல் தந்த வழிகாட்டலில், இடுப்பு வலிக்கு எலும்பு இணைப்பை ஆராய்ச்சிக்கு வெளியே செய்யாதீர்கள் என்றே எழுதிவிட்டது. அப்புறமும் ஸ்குரூ போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு எலும்பை அசையாமல் பூட்டினால் மேலேயும் கீழேயும் உள்ள ஜவ்வுகள் கூடுதல் பாரம் தாங்க வேண்டும் என்பதை ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை பேரிடம் சொல்கிறார்கள்?

'அப்படியானால் ஸ்கேனில் வந்ததெல்லாம் பொய்யா?' என்று கேட்பீர்கள். பொய்யில்லை. ஆனால் வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் அதே வார்த்தைகள் வரும். 1994-இல் அமெரிக்காவில், முதுகு வலி இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். எல்லா ஜவ்வும் ஒழுங்காக இருந்தது 36 சதவீதம் பேருக்குத்தான். இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் கணக்குப் போட்டபோது, வலியில்லாத 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்குத் தேய்மானமும், 50 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் புடைப்பும் இருந்தன. ரிப்போர்ட் எழுதுபவர் உங்களைப் பார்த்ததே இல்லை. படத்தில் கண்டதை எல்லாம் எழுதுவது அவர் வேலை. 'இந்த வயதில் இது சகஜம்' என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் பாதிப் பேரின் தூக்கம் கெடாது, எழுதுவதில்லை.

அடுத்தது, கால் செயலிழந்துவிடும் என்ற மிரட்டல். இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதலாவது, இரண்டாவது முதுகெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் சிக்கல் இருக்கும் எல்4-எல்5 பக்கம் தண்டுவடமே கிடையாது. குதிரைவால் மாதிரி இறங்கும் நரம்புக் கற்றைதான் உண்டு. இரண்டு வருடமாக ஒரே மாதிரி இருக்கும் இடுப்பு வலி, நீங்கள் மூன்று மாதம் காத்திருந்ததால் காலை முடக்கிவிடாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இதை மட்டும் வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். பெரிய ஜவ்வுத் துண்டு ஒன்று திடீரென்று பிதுங்கி அந்த நரம்புக் கற்றை முழுவதையும் நசுக்கினால், மூத்திரப்பையும் மலக்குடலும் கட்டுப்பாட்டை இழக்கும். எல்லோரும் நினைப்பது, சிறுநீர் தானாக ஒழுகினால்தான் ஆபத்து என்று. அது கடைசிக் கட்டம். பெரும்பாலும் முதலில் வருவது வேறு: பை நிறைந்திருக்கும், போக வேண்டும் என்ற உணர்வே இருக்காது, அல்லது உட்கார்ந்து முக்கினால்தான் கொஞ்சம் வரும். ஆசனவாயைச் சுற்றியும் பிறப்புறுப்பிலும் தொடைகளின் உள்பக்கமும் மரத்துப்போகும். கழிப்பறையில் சுத்தம் செய்யும்போது தொடுவது தெரிகிறதா, வழக்கம்போல இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் வலி இறங்குவதும் எச்சரிக்கைதான். 'வலி மாத்திரை சாப்பிட்டதால் கட்டிக்கொண்டது, காலையில் பார்க்கலாம்' என்று படுத்துவிடுகிறார்கள். பார்க்கலாம் என்பதற்கு இங்கே இடமில்லை. அது மாத்திரையால் வந்ததா, நரம்பால் வந்ததா என்பதை அவசரப் பிரிவில் முடிவு செய்யட்டும். நரம்புதான் என்றால் கணக்கு மணிகளில்தான். தாமதித்தால் வலி போனாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமல் போகலாம். இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். ஆபரேஷன் என்றால் அன்றைக்கு இரண்டாவது கருத்து கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், ஒத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அடுத்த நிலையில் பாதத்தின் பலம். குதிகால் மட்டும் தரையில் பட நாலு எட்டு நடந்து பாருங்கள், பிறகு முன்பாதத்தில். ஒரு கால் மட்டும் தொய்ந்தால், அல்லது உங்களுக்குத் தெரியாமலே செருப்பு கழன்று விழுந்தால், அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். இது எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது.

வயதானவர்களுக்குக் கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகிவிடும். அது நரம்புப் பாதை குறுகுவது. அதற்கு அழுத்தத்தை எடுத்துவிடும் ஆபரேஷன் நன்றாகவே பலன் தரும். உங்கள் கதை அது இல்லை.

இப்போது அந்த ஏற்பாட்டுக்காரர். இவரை நான் டாக்டர்களைவிட நன்றாக அறிவேன். உங்களை ஒரு மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவருக்குக் கமிஷன். நீங்கள் ஆபரேஷன் செய்துகொள்ளாமல் திரும்பினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் அவர் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல் வரவே வராது. 'ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், டாக்டர் பார்த்துத் தேதி சொல்வார்' என்பார். தொட்டுப் பார்க்காமல் தேதியா? இந்த வாரம் சேர்ந்தால் சலுகை என்பார். ஆபரேஷன் முடிந்த மறுநாள் சிரித்துக்கொண்டே நடக்கும் ஆளின் வீடியோவைக் காட்டுவார். அதே ஆளை இரண்டு வருடம் கழித்து யாரும் வீடியோ எடுப்பதில்லை. லேசர் என்ற சொல்லில் மயங்காதீர்கள். சாதாரணமாக மைக்ராஸ்கோப் வைத்துச் செய்யும் ஜவ்வு ஆபரேஷனிலேயே தழும்பு சின்னதுதான். அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடலாம். தேவையில்லாத ஆபரேஷனைச் சின்ன ஓட்டை வழியாகச் செய்தாலும் அது தேவையில்லாத ஆபரேஷன்தான்.

'ஃபிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று, பலனில்லை' என்று நிறையப் பேர் சொல்வார்கள். என்ன செய்தார்கள் என்று கேட்டால், பத்து நாள் கரண்ட் வைத்தார்கள், இடுப்பை இழுத்துக் கட்டினார்கள், பெல்ட் கொடுத்தார்கள். அது ஃபிசியோதெரபி ஆகாது. உங்களுக்குத் தேவை மூன்று மாதமாவது விடாமல், வாரத்துக்கு வாரம் சுமையைக் கூட்டி, வலித்தாலும் முதுகு உடைந்துவிடாது என்ற தைரியம் வரும் வரை செய்யும் பயிற்சி. கூடவே தினமும் நடை. படுத்தே கிடந்தால் இன்னும் கெடும். ஆனால் ஸ்குரூவுக்கு மறுபேச்சின்றிப் பணம் தரும் காப்பீட்டு நிறுவனங்கள், இந்தப் பயிற்சிக்குக் கேட்டால் ஆயிரம் காகிதம் கேட்கும், இல்லையேல் மறுத்துவிடும். ஒரு நோயாளியோடு அரை மணி நேரம் பேசிப் புரியவைக்கும் டாக்டருக்கு வரும்படி இல்லை, அறுப்பவருக்கு உண்டு. இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, ஏன் இத்தனை ஆபரேஷன் என்று கமிட்டி வேறு போடுகிறார்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றமே இல்லை என்றால் மறுபடி ஒரு முதுகெலும்பு நிபுணரைப் பாருங்கள். முதல் டாக்டர் சொன்னதைச் சொல்லாதீர்கள். ரிப்போர்ட் காகிதம் வேண்டாம், ஸ்கேன் படங்களை எடுத்துப் போங்கள். ஆபரேஷன் என்று சொன்னால், இதனால் என் இடுப்பு வலி போகுமா, கால் வலி போகுமா என்று பிரித்துக் கேளுங்கள். எலும்பை இணைக்க வேண்டும் என்றால், என் எலும்பு நழுவுகிறதா, நின்று குனிந்து நிமிர்ந்து எடுத்த எக்ஸ்ரேயில் காட்டுங்கள் என்று கேளுங்கள். புகைப்பிடிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் இன்றே விடுங்கள், புகைப்பவர்களுக்கு எலும்பு சரியாக ஒட்டாது. உங்களைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்க்காமல், குதிகாலில் நடக்கச் சொல்லாமல், கட்டைவிரலின் பலத்தைச் சோதிக்காமல் எத்தனை ஸ்குரூ என்று சொல்பவரிடம் மறுபடி போக வேண்டாம்.