பிசிஆரில் பாசிட்டிவ், என்ஜிஎஸ்ஸில் நெகட்டிவ்: எதை நம்புவது?

அப்பாவின் ஏஎம்எல் (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) ரிப்போர்ட்டில் எஃப்எல்டி3-ஐடிடி என்ற மரபணு மாற்றம் பிசிஆரில் (குறிப்பிட்ட டிஎன்ஏ பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) பாசிட்டிவ், என்ஜிஎஸ்ஸில் (டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சோதனை) நெகட்டிவ் என்று குழம்பியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே மஜ்ஜை மாதிரியில் செய்தவை என்றால், நான் பிசிஆரைத்தான் நம்புவேன்.

ஐடிடி என்பது எஃப்எல்டி3 மரபணுவில் ஒரு பகுதி அப்படியே இரட்டிப்பது. சில சமயம் அது 100 எழுத்துகளையும் தாண்டும். என்ஜிஎஸ் பெரும்பாலும் டிஎன்ஏவை 150 எழுத்து அளவுக் குட்டித் துண்டுகளாகவே படிக்கிறது. அதனால் நீளமான ஐடிடியை மென்பொருள் தவறவிடுவது உண்டு. பிசிஆருக்குப் பின் கேப்பிலரி என்ற மெல்லிய குழாயில் ஓட்டி நீளத்தை அளந்தால், அது தனி உச்சியாகத் தெரிந்துவிடும். எஃப்எல்டி3-இல் ஒற்றை எழுத்து மாறும் டிகேடி வகை வேறு. அதை என்ஜிஎஸ் நன்றாகவே பிடிக்கும்.

சரி, லேபில் என்ஜிஎஸ் தரவை ஐடிடிக்கான மென்பொருளில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எஃப்எல்டி3 மாற்றத்துக்கான மருந்தான மிடோஸ்டாரின் வழக்கமாகக் கீமோவின் 8ஆம் நாளில் தொடங்கும், எனவே இரண்டு ரிப்போர்ட்டையும் இன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.